இல்லாத காய்ச்சலுக்கு ஒரு நாள் லீவு

 

பள்ளிக்கூடத்தில் விடுப்பு விண்ணப்பம் எழுதக் கற்றுத்தரும்போது கரும்பலகையில் போடப்படும் காரணம் அநேகமாக ஒன்றுதான்: காய்ச்சல். காய்ச்சலில் படுத்த பிள்ளையும் அதைத்தான் எழுதிக் கொடுக்கும். அக்காவின் நிக்காஹுக்குப் போய்வந்த பிள்ளையும் அதைத்தான் எழுதிக் கொடுக்கும். கீழே ‘பெற்றோர் கையொப்பம்’ என்ற இடத்தில் அத்தா யோசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவார். பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போன பிறகு அந்தத் தாள் வாட்ஸ்அப் செய்தியாக மாறுகிறது. காரணம் மட்டும் மாறுவதில்லை.

இந்த மாதப் பாடமாக இதை எடுத்துக்கொண்டோம். வட்டியைப் பற்றி நாம் பயான் கேட்டிருக்கிறோம், வரதட்சணையைப் பற்றிக் கேட்டிருக்கிறோம். நோய் இல்லாமலே நோய் விடுப்பு எடுப்பதைப் பற்றி ஜும்ஆ மேடையில் கேட்டதாக நம்மில் பலருக்கு நினைவிருக்காது. ‘கம்பெனி கொடுக்கிற லீவுதானே, எடுக்காவிட்டால் வீணாகப் போகும்’ என்று ஐவேளைத் தொழுகையாளிகளே சொல்கிறார்கள். அந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. ஆகவே நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் சட்டம் என்ன தருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு அடுத்த ஆண்டில் சம்பளத்தோடு 12 நாள் விடுமுறை. அது போக, நோய் அல்லது விபத்துக்காக ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு. அதற்கும் மேலே, நியாயமான எந்தக் காரணத்துக்காகவும் 12 நாள் வரை. மூன்றும் தனித்தனிக் கணக்கு. அரசு ஊழியர்களுக்கு ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு உண்டு. அதோடு 3 நாள் வரையறுக்கப்பட்ட விடுப்பும் உண்டு. ஷபே பராஅத், ஷபே கத்ர் போன்ற நாட்களுக்கு நம்மவர்கள் பயன்படுத்துவது இதைத்தான்.

நிக்காஹ், ஜனாஸா, பிள்ளையின் பள்ளி அட்மிஷன், பாஸ்போர்ட் அலுவலகம், ரேஷன் கார்டு, வெளியூரிலிருந்து வரும் மச்சானை அழைத்து வருவது எல்லாமே ‘நியாயமான காரணம்’ என்ற அந்த மூன்றாவது கணக்கில் அடங்கிவிடும். அங்கே பொய்க்குத் தேவையே இல்லை. ஆனால் நம்மில் பலர் அந்தக் கணக்கைச் சேமித்து வைத்துக்கொண்டு, நோய்க் கணக்கில் கைவைக்கிறோம். ‘வீணாகப் போகும்’ என்ற பேச்சு இங்கேதான் தடம் மாறுகிறது. நோய் விடுப்பு என்பது ஆண்டு முடிவதற்குள் செலவழித்துத் தீர்க்க வேண்டிய மிச்சம் அல்ல. நோய் வந்தால் மட்டும் நமக்கு உரிமையாகும் ஒன்று. நோய் வராத ஆண்டில் அது பயன்படாமல் போனால் அல்ஹம்துலில்லாஹ் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர் இதில் வருகிறார். அவர் சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி தரப்பில் 3.25 சதவீதம் நிதிக்குப் போகிறது. நோயுற்றவருக்கு ஆண்டுக்கு 91 நாள் வரை, சராசரிக் கூலியில் 70 சதவீதம் அதிலிருந்து கிடைக்கிறது. இதை ‘அரசாங்கப் பணம்’ என்று சொல்லிவிட முடியாது. பக்கத்து மெஷினில் உட்கார்ந்து ஷூ தைக்கிற சகோதரியின் சம்பளத்திலிருந்து பிடித்த காசும் அதில் இருக்கிறது. நமது அறக்கட்டளையின் மருத்துவ உதவி வரிசையில் ஆரோக்கியமான ஒருவர் வந்து நின்று டயாலிசிஸுக்கு என்று பணம் வாங்கினால் நமக்கு எப்படிக் கொதிக்கும்! தொகைதான் சிறியது, செயல் அதேதான்.

இனி மார்க்கத்துக்கு வருவோம். நமது தீனில் நோய் என்பது மிகவும் மதிப்புள்ள ஒரு காரணம். நோயாளி நோன்பைத் தள்ளிவைக்கலாம் என்று சூரா அல்பகராவில் அல்லாஹ் சலுகை தருகிறான். நின்று தொழ முடியாதவர் உட்கார்ந்து தொழலாம். உட்கார முடியாதவர் படுத்தபடி தொழலாம். தண்ணீர் பட்டால் நோய் கூடும் என்றால் தயம்மும் செய்யலாம். ஸஹீஹ் புகாரியில் இன்னொரு செய்தியும் வருகிறது. ஓர் அடியான் நோயுற்றாலோ பயணத்தில் இருந்தாலோ, ஆரோக்கியமாக ஊரில் இருந்தபோது அவன் வழக்கமாகச் செய்துவந்த அமல்களின் நன்மை அவனுக்குத் தொடர்ந்து எழுதப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். வேலை செய்ய முடியாத நாளுக்கும் கூலி தருவது, பார்க்கப்போனால், இதே கருணையின் சாயல்தான்.

ரமலானில் நம் வீடுகளைக் கவனித்துப் பாருங்கள். ‘சுகர் மாத்திரை போடுகிறேன், நோன்பை விடலாமா? டாக்டர் விடச் சொல்கிறார், மனம் ஒப்பவில்லை’ என்று எத்தனை பெரியவர்கள் ஆலிம்களிடம் கேட்டுக் கேட்டு உறுதிசெய்கிறார்கள்! வராத நோயைச் சொல்லி நோன்பை விடுவதை நினைத்தாலே நமக்கு உடல் நடுங்கும். சலுகை தந்தவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று தெரிவதால் வரும் நடுக்கம் அது. அதே நாக்கு, அதே நோயின் பெயரை மேனேஜரிடம் சொல்லும்போது அந்த நடுக்கம் எங்கே போகிறது?

இந்த இடத்தில் ஓரளவு ஓதியவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். ‘இப்ராஹீம் நபி (அலை) அவர்களே, தான் நோயுற்றிருப்பதாகச் சொன்னதாகக் குர்ஆனில் இருக்கிறதே?’ இருக்கிறது. சூரா அஸ்ஸாஃப்பாத்தில் வருகிறது. ஊர் மக்கள் திருவிழாவுக்குக் கிளம்பி அவரையும் அழைத்தபோது, அவர் நட்சத்திரங்களை நோக்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்படிச் சொன்னார். அவர்கள் அவரை விட்டுப் போனார்கள். பிறகுதான் அவர் சிலைகளிடம் சென்றார்.

இந்தக் கேள்வியை ஒதுக்கிவிடக் கூடாது. விரிவுரையாளர்கள் பலர் இதைத் ‘தவ்ரியா’ என்று விளக்கியுள்ளனர். அதாவது, சொல்பவர் மனதில் ஓர் உண்மையான பொருள் இருக்கும்; கேட்பவர் வேறாக விளங்கிக்கொள்வார். மக்களின் இணைவைப்பைக் கண்டு தன் உள்ளம் நோயுற்றதை அவர் கருதினார் என்கிறார்கள் சிலர். அந்தச் சொல்லால் இப்ராஹீம் நபி ஒரு காசு சம்பாதிக்கவில்லை; யாருடைய உரிமையும் குறையவில்லை. சிலைகளை உடைக்கும் காரியத்துக்காகச் சொன்னார், அதற்கு விலையாக நெருப்பில் வீசப்பட்டார். அப்படியிருந்தும், மறுமையில் மக்கள் பரிந்துரை கேட்டு அவரிடம் வரும்போது, தான் சொன்ன மூன்று சொற்களை எண்ணி அஞ்சி, அந்தத் தகுதி தனக்கில்லை என்று அவர் வேறு நபியிடம் அனுப்பிவிடுவார் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் நீண்ட ஹதீஸ் சொல்கிறது. அந்த மூன்றில் ஒன்று இந்த நோய்ச் சொல். அல்லாஹ்வின் உற்ற நண்பர் என்று பெயர் பெற்றவர் அப்படிப்பட்ட ஒரு சொல்லுக்காக அஞ்சுகிறார். நாமோ மறுவீட்டு விருந்துக்காக அதைச் சொல்லிவிட்டு அவரையே ஆதாரமாகக் காட்டுகிறோம்.

தவ்ரியாவுக்கும் எல்லை உண்டு. இமாம் நவவி (ரஹ்) போன்றவர்கள் இதை விளக்கியிருக்கிறார்கள். மார்க்கம் ஏற்கும் தேவை இருந்தால் அனுமதி. அதைக் கொண்டு தனக்கு உரிமையில்லாததைப் பெறவோ, பிறர் உரிமையைத் தடுக்கவோ செய்தால் அதுவும் ஹராம். ‘தலை லேசாக வலித்தது உண்மைதானே’ என்று நம்மை நாமே சமாதானப்படுத்திக்கொள்வது இந்த எல்லைக்கு வெளியே நிற்கிறது. அந்தச் சொல்லின் பேரில் ஒரு நாள் கூலி கைமாறுகிறது அல்லவா?

இதோடு தொடர்புடைய ஒரு சிறு விஷயம். ‘நோயாளி போல நடிக்காதீர்கள், நடித்தால் உண்மையாகவே நோய் வந்துவிடும்’ என்ற கருத்தில் ஒரு வாசகம் நபிமொழி என்று அவ்வப்போது செல்பேசியில் சுற்றுகிறது. ஹதீஸ் கலை அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. பொய்யைத் தடுப்பதற்காக நபி (ஸல்) அவர்கள் பெயரில் உறுதியில்லாததைப் பரப்ப வேண்டாம்.

உறுதியான செய்திகளுக்கு நம்மிடம் என்ன குறை? கஅப் பின் மாலிக் (ரலி) அவர்களின் வரலாறு புகாரியிலும் முஸ்லிமிலும் அவர் வாயாலேயே விரிவாகப் பதிவாகியிருக்கிறது. ஹிஜ்ரி 9, தபூக் பயணம். கடும் வெயில், மதீனாவில் கனிகள் பழுத்து நிழல் இனித்த காலம். கஅபிடம் உடல்பலம் இருந்தது, வசதி இருந்தது, வாகனமாக இரண்டு ஒட்டகங்களும் இருந்தன. ‘நாளைக்குத் தயாராகலாம், நாளைக்குத் தயாராகலாம்’ என்று தள்ளித் தள்ளியே படை போய்விட்டது. நபி (ஸல்) அவர்கள் திரும்பி வந்து பள்ளிவாசலில் அமர்ந்தபோது, போகாமல் தங்கியவர்கள் எண்பதுக்கும் மேற்பட்டோர் வந்து சத்தியம் செய்து சாக்குகளைச் சொன்னார்கள். நபி (ஸல்) அவர்கள் வெளியே சொன்னதை ஏற்றுக்கொண்டு, அவர்களுக்காகப் பாவமன்னிப்பும் தேடி, உள்ளத்தை அல்லாஹ்விடம் விட்டுவிட்டார்கள்.

கஅப் (ரலி) பேச்சு வன்மை உள்ளவர். உலகத்தில் வேறு யார் முன்னால் நின்றிருந்தாலும் ஒரு காரணம் சொல்லித் தப்பித்திருப்பேன் என்று அவரே சொல்கிறார். ஆனால் தனக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை என்று உண்மையைச் சொன்னார். வெளியே வந்ததும் நடந்ததுதான் நம் பாடத்துக்கு மிக நெருக்கமானது. அவருடைய குலத்தார் சிலர் பின்னாலேயே ஓடிவந்து, மற்றவர்களைப் போல நீயும் ஒரு சாக்கைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று கடிந்துகொண்டார்கள். விடாமல் சொன்னார்கள். திரும்பிப் போய், சொன்னதைப் பொய்யாக்கிவிடலாமா என்று எண்ணும் அளவுக்குச் சொன்னார்கள். நம் அலுவலகத்திலும் அந்தக் குலத்தார் இருக்கிறார்கள். ‘கல்யாணம்னு உண்மையைச் சொல்லி லீவு கேட்டியா? பைத்தியமா உனக்கு? ஒரு மெடிக்கல் சர்டிபிகேட் வாங்கிக் கொடுத்தா வேலை முடிஞ்சது!’

கஅபுக்கும், அவரைப் போலவே உண்மை சொன்ன முராரா, ஹிலால் (ரலி) இருவருக்கும் 50 நாட்கள் யாரும் பேசாத தண்டனை கிடைத்தது. உண்மை சொன்னதற்கு உடனே பரிசு கிடைத்துவிடவில்லை. இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அந்த 50 நாளை விட்டுவிட்டுச் சொல்லக் கூடாது. பிறகுதான் சூரா அத்தவ்பாவில் அவர்களின் மன்னிப்பு இறங்கியது. இஸ்லாத்துக்குப் பிறகு தனக்குக் கிடைத்த அருட்கொடைகளில், அன்று உண்மை பேசியதைவிடப் பெரியது வேறில்லை என்று கஅப் (ரலி) பின்னாளில் கருதினார்.

ஒரு நாள் கம்பெனி வேலையை அந்தப் பயணத்தோடு ஒப்பிடவில்லை. சாக்கு என்ற ஒன்றின் குணம் எக்காலத்திலும் ஒன்றுதான் என்பதற்காகச் சொல்கிறோம்.

நம் பொய்க்கு விலை கொடுப்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். எங்கள் மருத்துவ உதவிக் குழுவுக்குத் தெரிந்த ஒரு சகோதரி ஒரு காலணித் தொழிற்சாலையில் தையல் பிரிவில் வேலை செய்தார். லைன் வேலை தெரிந்தவர்களுக்குத் தெரியும்: இரண்டு மூன்று பேர் வராவிட்டால், வந்தவர்கள் தலையில் அந்த வேலை விழும். பெருநாளுக்கு மறுநாளும் அதற்கு மறுநாளும் நம்மவர்கள் பலர் ‘காய்ச்சல்’ என்று சொல்லி வரவில்லை. அந்தச் சகோதரி வந்தார். அதே வாரக் கடைசியில் அவருக்கு வாந்தி, அசதி. சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னால், ‘பெருநாள் முடிஞ்சாலே உங்களுக்கெல்லாம் காய்ச்சல் வரும், தெரியும், போய் உட்காரு’ என்று பதில். மேலும் நான்கு நாள் அப்படியே வேலை செய்தார். கண் மஞ்சளான பிறகுதான் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். மஞ்சள்காமாலை முற்றியிருந்தது, பல நாள் படுக்கையில் கிடந்தார்.

அந்த சூப்பர்வைசர் செய்தது அநியாயம்தான். ஆனால் ‘உங்களுக்கெல்லாம்’ என்ற சொல்லை அவர் வாயில் போட்டது யார்? எங்கள் வேலைவாய்ப்பு வழிகாட்டிப் பிரிவுக்கு வரும் பிள்ளைகளை ஓரிடத்தில் சேர்த்துவிடப் பேசும்போது, ‘பையன் நல்லவன்தான், பெருநாள் வந்தால் ஒரு வாரம் ஆளே இருக்க மாட்டானே’ என்று சொல்லப்படுவதை நாங்கள் கேட்டிருக்கிறோம். கெட்ட பெயர் ஒருவரோடு நிற்பதில்லை.

வளைகுடாவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இதில் கணக்கும் உண்டு. அமீரகத்தில் சோதனைக் காலம் முடிந்தவருக்கு ஆண்டுக்கு 90 நாள் வரை நோய் விடுப்பு; முதல் 15 நாளுக்கு முழுச் சம்பளம், அடுத்த 30 நாளுக்குப் பாதி, எஞ்சியதற்கு ஒன்றுமில்லை. சவூதியில் முதல் 30 நாள் முழுச் சம்பளம், அடுத்த 60 நாள் முக்கால், அடுத்த 30 நாள் சம்பளமின்றி. முழுச் சம்பள நாட்களை அறை நண்பர்களோடு சுற்றுவதற்குத் தின்று தீர்த்தவர், அதே ஆண்டில் உண்மையிலேயே ஆபரேஷன் என்று படுத்தால், ஊரில் உம்மா கடன் வாங்கித்தான் மாதத்தை ஓட்ட வேண்டியிருக்கும்.

சான்றிதழ் எழுதும் மருத்துவரையும் நாம் இழுத்துவிடுகிறோம். மஹல்லாவிலேயே கிளினிக் வைத்திருக்கும் நம் பிள்ளையிடம் ‘தம்பி, மூணு நாளைக்கு டைபாய்டுன்னு போட்டுக் கொடுப்பா’ என்று மாமா முறையில் கேட்டால் அவர் எப்படி மறுப்பார்? பொய்யான சான்றிதழ் தருவது மருத்துவ ஒழுக்க விதிகளின்படி தவறான நடத்தை. பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கும் அளவுக்குப் போகலாம். எத்தனை ஆண்டு படிப்பு, எத்தனை பேருடைய துஆ அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் இருக்கிறது! உறவைக் காட்டி அதைக் கேட்காதீர்கள்.

வீட்டுக்குள்ளும் ஒரு பாடம் நடக்கிறது. போன் அடிக்கிறது. ‘ஆபீஸ்லேர்ந்துதான். அத்தா தூங்குறாங்க, காய்ச்சல்னு சொல்லு’ என்று ஏழு வயதுப் பிள்ளையின் கையில் போனைக் கொடுக்கிறோம். ‘வா, ஒன்று தருகிறேன்’ என்று பிள்ளையை அழைத்த ஒரு தாயிடம், என்ன தரப்போகிறாய் என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டதும், பேரீச்சம்பழம் என்று அவர் சொன்னதும், ஒன்றும் தராமல் விட்டிருந்தால் ஒரு பொய்யாக உன்மீது எழுதப்பட்டிருக்கும் என்று அவர்கள் எச்சரித்ததும் அபூதாவூதில் வருகிறது. அங்கே பிள்ளையிடம் பொய் சொல்வதைப் பற்றிய எச்சரிக்கை. நாம் பிள்ளையையே பொய் சொல்ல வைக்கிறோம். அந்தக் காய்ச்சலைக் கேட்ட சக ஊழியர் அன்று லுஹரில் நமக்காக ஷிஃபாவுக்கு துஆ செய்திருக்கவும் கூடும்.

இனி முதலாளிமார்களுக்கு. இந்த மடல் ஜவுளிக்கடை, மளிகை, மொபைல் கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கும் போகிறது. ‘தங்கச்சி கல்யாணம்’ என்று உண்மையைச் சொல்பவனுக்கு லீவு இல்லை, ‘காய்ச்சல்’ என்று பொய் சொல்பவனுக்கு உண்டு என்றால், அந்தக் கடையில் பொய்யைக் கற்றுத்தருவது யார்? 1947 சட்டத்தில் உள்ள அந்த விடுப்பு நம் கடைகளுக்கும் பொருந்தும். வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் சொல்வதாக வரும் ஹதீஸ் குத்ஸீ புகாரியில் இருக்கிறது. அளவு நிறுவையில் மோசடி செய்வோரைக் கண்டிக்கும் சூரா அல்முதஃப்பிஃபீன் இரு தரப்புக்கும்தான். கூலியை நிறைவாக வாங்கி நேரத்தைக் குறைப்பவரும், நேரத்தை நிறைவாக வாங்கி உரிமையைக் குறைப்பவரும் அதை ஓதிக்கொள்ளட்டும்.

ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் பக்கத்து வீட்டுக்காரரின் நோயை அளக்கக் கிளம்பிவிடக் கூடாது. ஒற்றைத் தலைவலி வெளியே தெரியாது. மாதவிடாய் நாட்களில் சில சகோதரிகள் படும் வலி வெளியே தெரியாது. தூக்கமின்றி, மனம் உடைந்து, படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடப்பதும் நோய்தான். அதற்கும் மருத்துவர் இருக்கிறார். அதற்கு எடுக்கும் விடுப்பு பொய் அல்ல. சந்தேகங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கச் சொல்லும் கட்டளை சூரா அல்ஹுஜுராத்தில் இருக்கிறது. தபூக்கிலிருந்து திரும்பிய நபி (ஸல்) அவர்களே சொல்லப்பட்டதை ஏற்றுக்கொண்டார்கள் என்று மேலே பார்த்தோம். ஆகவே இந்தப் பாடம் அவரவர் தன்னைக் கேட்டுக்கொள்வதற்கு மட்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ‘பிள்ளைக்குக் காய்ச்சல்’ என்றே சொல்லுங்கள். அதை நம் காய்ச்சலாக மாற்ற வேண்டியதில்லை. முன்பு அப்படி வாங்கிய சம்பளத்துக்கு என்ன செய்வது என்று கேட்பவர்கள் ஆலிம்களைத் தனியே சந்தித்துக் கேட்டுக்கொள்ளலாம். அடியார்களின் உரிமை சேர்ந்த விஷயம் என்பதால், தவ்பாவோடு அந்த உரிமையைத் திருப்பித் தரும் வழியையும் அவர்கள் காட்டுவார்கள்.

கடைசியாக, மனதுக்குக் கஷ்டமான ஒன்று. ரமலானின் கடைசிப் பத்தில் இஃதிகாஃப் இருப்பதற்கும், உம்ரா குழுவோடு போவதற்கும் மெடிக்கல் லீவு போடும் வழக்கம் நம்மிடையே நுழைந்திருக்கிறது. அலுவலகக் கோப்பில் மஞ்சள்காமாலை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இஹ்ராம் உடுத்திய படம். இஃதிகாஃப் ஸுன்னத்தான அமல். பொய் ஹராம். ஸுன்னத்தை நிறைவேற்ற ஹராமைப் படியாக வைத்து ஏற முடியாது என்பதற்கு ஃபத்வா தேவையில்லை. பத்து நாள் கிடைக்காதவர், விடுமுறை நாள்களிலோ இரவு நேரங்களிலோ நஃபிலான இஃதிகாஃப் நிய்யத்தோடு பள்ளியில் தங்கலாம். முறைப்படி எழுதிக் கொடுத்து மறுக்கப்பட்டால், போக எண்ணிய அந்த நிய்யத்தை அல்லாஹ் அறிவான்.

எனவே வரும் ரமலானில் இஃதிகாஃபோ உம்ராவோ நாடியிருப்பவர்கள் நிறுவனத்தில் ஈட்டிய விடுப்புக் கணக்கு எத்தனை நாள் மிச்சம் என்று இந்த வாரமே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் காரணத்தை உள்ளபடி எழுதுங்கள். பல நிறுவனங்களில் ஒரு மாதம் முன்கூட்டிக் கேட்டாலே வேலையை மாற்றி அமைத்துக் கொடுக்கிறார்கள். தமிழிலோ ஆங்கிலத்திலோ விண்ணப்பம் எழுத உதவி தேவைப்படுவோரும், தங்கள் கடையில் எத்தனை நாள் விடுப்பு உரிமை என்று தெரியாதவர்களும், சனி, ஞாயிறு அஸருக்குப் பின் மஃரிப் வரை அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரலாம். சம்பளச் சீட்டும் நியமனக் கடிதமும் கையோடு கொண்டு வாருங்கள்.